சிறுநீரக நோயில் இரத்தசோகை: காவிரிக் கரையின் உழைக்கும் மக்கள் அறிய வேண்டியவை

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது ஜீயபுரம். திருவரங்கம் வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் நெல்லும் வாழையுமே முதன்மைப் பயிர்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, வாழைத்தார் வெட்டிச் சுமப்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கை நிலமற்ற தலித் மக்கள் செய்கின்றனர். வெயிலில் குனிந்தே கழியும் இவ்வுழைப்பின் முடிவில் வரும் களைப்பை நம் சமூகம் இயல்பானதாகக் கருதிப் பழகிவிட்டது. அந்தக் களைப்புக்குப் பின்னால் இரத்தசோகை இருக்கலாம். இரத்தசோகைக்குப் பின்னால் நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வரும்போது என்ன நிகழ்கிறது, எந்தப் பரிசோதனைகளைக் கேட்டுப் பெற வேண்டும், எந்தச் சிகிச்சை பொருந்தும், எது தீங்காகும் என்பதைச் செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்குமாக இங்கே தொகுத்துத் தருகிறோம். தனிமனிதருக்கான சிகிச்சையை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இக்கட்டுரை உதவக்கூடும்.

சிறுநீரகம் பழுதானால் இரத்தம் ஏன் குறைகிறது?

கழிவை வடிகட்டுவதோடு சிறுநீரகத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. உடலில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, எரித்ரோபொய்டின் என்னும் இயக்குநீரைச் சுரப்பதும் அதன் பணியே. எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் உருவாக இந்த இயக்குநீர் வேண்டும். சிறுநீரகம் பழுதடையப் பழுதடைய இச்சுரப்பு குறைகிறது. சிவப்பணு உற்பத்தியும் தளர்கிறது.

இரண்டாவது காரணம் ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் இப்புரதம் இரும்புச்சத்தின் வாயிற்காவலன் போன்றது. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் இதன் அளவு உயரும். சிறுநீரக நோயில் அது வெளியேறாமலும் தேங்கும். அப்போது குடலிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவது தடைபடுகிறது. ஏற்கெனவே சேமிப்பில் உள்ள இரும்பும் வெளியே வர இயலாமல் அடைபட்டுக் கிடக்கிறது. கிடங்கில் நெல் இருந்தும் அடுப்பில் உலையேற்ற முடியாத நிலை இது. மருத்துவர்கள் இதைச் செயல்சார் இரும்புக் குறைபாடு என்பர்.

மூன்றாவது காரணம் நேரடி இழப்பு. இரத்தச் சுத்திகரிப்பு, அதாவது ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்வோர், குழாய்களிலும் வடிகட்டியிலும் தங்கும் இரத்தத்தாலும் அடிக்கடி எடுக்கப்படும் இரத்த மாதிரிகளாலும் ஆண்டுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பை இழக்கின்றனர். வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்த இரும்பே ஏறத்தாழ 3 முதல் 4 கிராம்தான்.

ஏற்கெனவே வற்றிய உடல்

இந்த மூன்று காரணங்களும் எல்லாச் சாதியினருக்கும் பொது. வேறுபாடு, நோய் வந்து சேரும் உடலின் முன்நிலையில் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகப் பதிவு செய்தது. இந்திய அளவில் அது 57 விழுக்காடு. பழங்குடிப் பெண்களிடையே அதனினும் அதிகம். ஆக, வளரிளம் பருவத்திலிருந்தே இரும்புச் சேமிப்பு வற்றிய ஒரு பெண்ணுக்கு நாற்பது வயதில் சிறுநீரகம் தளரத் தொடங்கினால், அவர் சரிவின் பாதியில் நின்றுகொண்டுதான் அந்நோயை எதிர்கொள்கிறார்.

வெறுங்காலுடன் ஈர மண்ணில் வேலை செய்வோருக்குக் கொக்கிப்புழுத் தொற்று எளிதில் வரும். அப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். உடல்வலி மாத்திரைகள் இன்னொரு காரணி. நாள் முழுவதும் குனிந்து உழைத்தவர்கள் மறுநாள் கூலியை இழக்காதிருக்க மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குவது ஊர்தோறும் உள்ள வழக்கம். இவ்வகை மாத்திரைகள் இரட்டைத் தீங்கு செய்பவை: தொடர்ந்து உண்டால் சிறுநீரகத்தைப் பழுதாக்குகின்றன, இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, வெளியே தெரியாத இரத்தக்கசிவால் இரும்பையும் வடியச் செய்கின்றன.

உழவுத் தொழிலாளரும் காரணம் அறியாத சிறுநீரக நோயும்

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே சிறுநீரக நோய்க்கு முதன்மைக் காரணங்கள் என்று பாடநூல்கள் கூறுகின்றன. அவ்விரண்டும் இல்லாத உழைப்பாளிகளையும் இந்நோய் தாக்குவதை உலகின் பல பகுதிகள் கண்டுள்ளன. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம், சத்தீஸ்கரின் கரியாபந்த் மாவட்டத்துச் சுபேபேடா, இலங்கையின் வடமத்திய மாகாணம், நிகரகுவா, எல் சால்வதோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்கள் ஆகியவை நன்கறியப்பட்டவை.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. மாநிலத்தின் வெவ்வேறு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களில் 3,350 உழவுத் தொழிலாளர்களிடம் 2023-இல் நடந்த ஆய்வு ஒன்று, அவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. அவ்வாறு கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே நடந்த மற்றோர் ஆய்விலும், பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதும் அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் பதிவாயின. வெப்பம், நீரிழப்பு, ஓய்வின்மை ஆகியவற்றை ஆய்வாளர்கள் முதன்மையாக ஐயுறுகின்றனர். பூச்சிக்கொல்லிகளும் குடிநீரின் தன்மையும் ஆராயப்பட்டு வருகின்றன. வெயிலில் யார் நிற்கிறார்கள், நிழலில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் தீர்மானிக்கும் நாட்டில், வெப்பம் ஒரு வானிலைச் செய்தி மட்டுமாக இருக்க முடியாது.

எந்தப் பரிசோதனைகள்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழிருந்தால் அது இரத்தசோகை. சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்த ஓர் எண் போதாது. கீழ்க்காண்பவற்றையும் கேட்டுப் பெற வேண்டும்:

- முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை. சிவப்பணுவின் அளவு சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்பது காரணத்தைச் சுட்டும்.
- ஃபெரிட்டின். சேமிப்பில் உள்ள இரும்பின் அளவைக் காட்டும்.
- டிரான்ஸ்ஃபெரின் செறிவு விழுக்காடு. மச்சைக்குப் போய்ச் சேரக்கூடிய இரும்பைக் காட்டும்.
- வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம். இவற்றின் குறைபாடும் இரத்தசோகை தரும்.
- கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டும் திறனும், சிறுநீரில் அல்புமின்.
- தேவைப்படின் மலப் பரிசோதனை: புழுவும் மறைந்த இரத்தக்கசிவும் தெரியவரும்.

சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும், நான்காம் ஐந்தாம் நிலைகளில் ஆண்டுக்கு இரு முறையேனும், டயாலிசிஸில் இருப்போர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டு நெறி. ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் இடைவெளி இன்னும் குறையும்.

இங்கே இரு பொறிகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருவது. மெலிந்து, தசை வற்றிய உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகும். ஆகவே ஊட்டமின்றி வளர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் அறிக்கையில் அந்த எண் இயல்பாகத் தோன்றினாலும் சிறுநீரகம் நலமாக இருக்கிறது என்று உறுதி கொள்ள முடியாது. ஐயமிருப்பின் சிறுநீர் அல்புமினையும், வசதியுள்ள இடத்தில் சிஸ்டாட்டின் சி என்னும் பரிசோதனையையும் கேட்கலாம்.

இரண்டாவது பொறி ஃபெரிட்டின். தொற்றோ அழற்சியோ இருந்தால் சேமிப்பு கூடாமலே ஃபெரிட்டின் உயரும். காசநோய், ஆறாத புண், டயாலிசிஸ் குழாயில் ஏற்படும் தொற்று என இதற்குப் பல காரணங்கள். எண் உயர்ந்திருப்பதை மட்டும் கண்டு இரும்பு போதும் என்று முடிவு செய்தால் உண்மையான குறைபாடு மறைந்துபோகும்.

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தரும் பாடம்

ஃபெரிட்டின் சிக்கல் கூர்மையாக வெளிப்பட்ட இடம் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலம். அங்கு டயாலிசிஸுக்கு ஆளாவோரில் மிகப் பெரும்பான்மையினர் பழங்குடி மக்கள். அவர்களுள் பலருக்கு ஃபெரிட்டின் மிக உயர்ந்தும் ஹீமோகுளோபின் தாழ்ந்தும் இருந்தது. வேறு மக்களிடம் நடந்த ஆய்வுகளைக் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டிகள், இவர்களுக்கு ஊசிவழி இரும்பு தரலாமா, நிறுத்தலாமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை தரவில்லை. கொடுத்தால் இரும்பு அளவுக்கு மீறித் தேங்கும் அச்சம். நிறுத்தினால் சோகை முற்றும் அச்சம். ஆகவே இம்மக்களையே மையமாகக் கொண்ட தனி மருத்துவச் சோதனை அங்கு வகுக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒடுக்கப்பட்ட மக்களின் இரத்தம் வேறு வகையானது என்ற முடிவையல்ல. நெரிசலான வீடுகள், தொடரும் தொற்றுகள், தாமதமான சிகிச்சை ஆகியவை அழற்சியை உயர்த்துகின்றன. அவ்வழற்சி எண்களை மாற்றுகிறது. பிறப்பை உயிரியல் காரணமாக்கும் போக்கை மருத்துவமே திருத்திக்கொண்ட சான்றும் உண்டு. அமெரிக்காவில் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பின மக்களுக்கெனச் சேர்க்கப்பட்டிருந்த தனிப் பெருக்கல் எண், அவர்களின் நோயைக் குறைத்துக் காட்டுகிறது என்ற எதிர்ப்புக்குப் பின், 2021-இல் நீக்கப்பட்டது.

அதே ஆஸ்திரேலியாவிலிருந்து நம்பிக்கையூட்டும் நிகழ்வும் ஒன்று. டயாலிசிஸுக்காக ஊரை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பெயர வேண்டியிருந்த மேற்குப் பாலைநிலப் பழங்குடிகள், 2000-இல் தங்கள் ஓவியங்களை ஏலம் விட்டுப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். அந்நிதியில் பிறந்த, பர்ப்பிள் ஹவுஸ் என்று அழைக்கப்படும் அவர்களது சொந்த அமைப்பு, தொலைவுச் சிற்றூர்களிலேயே டயாலிசிஸ் மையங்களை நடத்தி வருகிறது. மருத்துவமனை இருக்கும் இடத்துக்கு மக்கள் போவதா, மக்கள் இருக்கும் இடத்துக்கு மருத்துவம் வருவதா என்ற கேள்விக்கு அவர்கள் தம் கைகளாலேயே விடை எழுதினர்.

சிகிச்சையின் படிகள்

முதற்படி, திருத்தக்கூடிய காரணங்களைக் களைவது: புழு நீக்கம், பி12 மற்றும் ஃபோலிக் அமிலக் குறைபாட்டை நிரப்புதல், மிகுதியான மாதவிடாய்ப் போக்குக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் சிகிச்சை, வலி மாத்திரைகளை நிறுத்துதல்.

இரண்டாம் படி இரும்பு. டயாலிசிஸ் நிலையை எட்டாதவர்களுக்கு மாத்திரை வடிவில் சில மாதங்கள் முயன்று பார்க்கலாம். வெறும் வயிற்றில் உண்டால் நன்கு உறிஞ்சப்படும். தேநீர், காபி, பால் ஆகியவற்றுடன் சேர்த்து உண்ணக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்குத் தரப்படும் கால்சியம் மாத்திரையும், அமில எதிர்ப்பு மருந்துகளும் இரும்பைத் தடுப்பவை. இடைவெளி விட்டே எடுக்க வேண்டும். மலம் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரை பயன் தராவிட்டாலும், டயாலிசிஸில் இருந்தாலும், அயர்ன் சுக்ரோஸ் போன்ற மருந்தை நரம்புவழி ஏற்றுவர். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 30 விழுக்காடும், ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமும் அல்லது அதற்குக் கீழும் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று 2012-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி கூறியது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று, குறைந்த பின் கொடுப்பதைவிட மாதந்தோறும் முன்கூட்டியே இரும்பு கொடுப்பது இதய நிகழ்வுகளைக் குறைப்பதாகக் காட்டியது. கடுமையான தொற்று உள்ள நேரத்தில் நரம்புவழி இரும்பைத் தவிர்ப்பர். ஏற்றும்போதும் முடிந்த பின் அரைமணி நேரமும் ஒவ்வாமைக்காகக் கண்காணிப்பு வேண்டும்.

மூன்றாம் படி எரித்ரோபொய்டின் ஊசி. இரும்பு போதிய அளவில் இருந்தும் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் இறங்கும்போது பொதுவாக இதைத் தொடங்குவர். இலக்கு 10 முதல் 11.5 கிராம் வரைதான். இயல்பான அளவுக்கு உயர்த்த முயன்ற சோதனைகளில், குறிப்பாக 2009-இல் வெளியான ஒன்றில், பக்கவாத ஆபத்து கூடியதால் இக்கட்டுப்பாடு வந்தது. இவ்வூசி இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும். இரும்பின்றி இவ்வூசியை மட்டும் செலுத்துவது, கல்லும் மண்ணும் தராமல் கொத்தனாரை வேலைக்கு அழைப்பதற்கு ஒப்பு. அண்மையில் மாத்திரை வடிவ மாற்றும் வந்துள்ளது. உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் முறையைக் கண்டறிந்தோர்க்கு 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வறிவின் விளைவான டெசிடுஸ்டாட் என்னும் மருந்து 2022-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

இரத்தம் ஏற்றுவது கடைசி வழி. உயிருக்கு ஆபத்தான நிலையில் அது தேவை. ஆயினும் விரைவான தீர்வென அடிக்கடி ஏற்றினால், உடல் அயலார் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளும். பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும். ஊசி மருந்து கிடைக்காத ஏழை நோயாளிக்கு இரத்தம் ஏற்றி அனுப்புவது, மாற்று அறுவைக்கான அவருடைய எதிர்கால வாய்ப்பையும் சேர்த்துப் பறிக்கக்கூடும் என்பதைச் செயற்பாட்டாளர்கள் மறக்கலாகாது.

உணவு: பொது அறிவுரை பொருந்தாத இடங்கள்

இரத்தசோகை என்றதும் முருங்கைக்கீரை, பேரீச்சை, வெல்லம் என்று அடுக்குவது வழக்கம். சிறுநீரகம் என்றதும் வாழைத்தண்டுச் சாறு என்பதும் வழக்கம்; வாழை விளையும் ஜீயபுரம் போன்ற ஊர்களில் அது எளிதில் கிடைக்கவும் செய்யும். முற்றிய சிறுநீரக நோயில் இவ்வறிவுரைகள் உயிருக்கே ஆபத்தாகலாம். கீரை, பேரீச்சை, வாழைப்பழம், வாழைத்தண்டு, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தால் இதயம் திடீரென நின்றுபோகும். ஆகவே பொட்டாசியம் அளவைப் பரிசோதித்து மருத்துவர் சொல்லும் வரம்புக்குள்ளேயே இவற்றை உண்ண வேண்டும்.

விலங்குணவில் உள்ள ஹீம் வகை இரும்பு, தாவர உணவின் இரும்பைவிட எளிதில் உறிஞ்சப்படுகிறது. மாட்டிறைச்சி, ஈரல், ஆட்டு இரத்தப் பொரியல் ஆகியவை உழைக்கும் மக்களின் கைக்கெட்டும் விலையில் கிடைத்த இரும்புக் களஞ்சியங்கள். அவ்வுணவை இழிவென முத்திரை குத்திய சாதியப் பண்பாடு, இரத்தசோகைப் பெருக்கத்தில் தன் பங்கைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. சிறுநீரக நோயாளிக்குப் புரதத்திலும் பாஸ்பரஸிலும் அளவு வேண்டும் என்பது உண்மை. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைப்பர். டயாலிசிஸ் தொடங்கிய பின் கூடுதலாகவே தேவைப்படும். அளவைப் பற்றிய அம்மருத்துவ அறிவுரையைச் சாக்காகக் கொண்டு, ஒரு மக்களின் உணவையே விலக்கச் சொல்லும் குரல்களை நாம் அடையாளம் காண வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பதால் இந்நோயில் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி புதிதன்று. பொது விநியோகத்தில் அதை வழங்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டமே இதுதான். 2020-இல் அது தொடங்கியது. ஹெப்சிடின் கதவை அடைத்திருக்கும் சிறுநீரக நோயாளிக்கு இவ்வரிசி சிகிச்சையாகாது. தலசீமியா, அரிவாள் அணுச் சோகை உள்ளோர் கூடுதல் இரும்பை மருத்துவ ஆலோசனையின்றி எடுக்கலாகாது. இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடையேதான் கண்டறியப்பட்டது. ஆதலால் பழங்குடி நோயாளிக்கு இரும்பைத் தொடங்குமுன் அப்பரிசோதனையையும் கேட்பது முறை.

எங்கே, எப்படிப் பெறுவது?

ஜீயபுரம் சுற்றுவட்டாரத்தவர் முதலில் அணுக வேண்டியது அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையம். அடுத்து திருவரங்கம் அரசு மருத்துவமனை. உயர்சிகிச்சைக்குத் திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பொருந்தும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கு அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாரம் மூன்று நாள் நகரத்துக்குப் போய்வரும் கூலி இழப்பை இது குறைக்கும். தூய்மையான நீரும் தனி இடமும் வீட்டில் இருந்தால் மட்டுமே இது பாதுகாப்பானது. ஒற்றை அறைக் காலனி வீடுகளில் அவ்விடம் எங்கே என்பது வீட்டுவசதித் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி. எரித்ரோபொய்டினும் அயர்ன் சுக்ரோஸும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றவை. இருப்பு இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னால், எழுத்துவழி முறையிடவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இருப்பு விவரம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

நம் கோரிக்கைகள்

ஒன்று: உழவுத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், செங்கல் சூளைத் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் ஹீமோகுளோபின், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்க வேண்டும். இரத்தசோகை முகாமும் சிறுநீரக முகாமும் தனித்தனியே நடக்கும்வரை இரண்டுக்கும் நடுவே மக்கள் விழுந்துகொண்டே இருப்பர்.

இரண்டு: டயாலிசிஸ் மையங்களின் தரவுகளைச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் பாலினவாரியாகவும், தனிநபர் அடையாளமின்றி வெளியிட வேண்டும். கணக்கில் வராத துயரம் நிதிநிலை அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

மூன்று: 2024-இல் தமிழகம் இயற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்படும் நிதியில், வட்ட அளவிலான ஃபெரிட்டின் பரிசோதனை வசதிக்கும் நோயாளிகளின் பயணப்படிக்கும் பங்கு வேண்டும்.

நான்கு: வயல்வேலையில் நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் வேலை நிபந்தனையாக்க வேண்டும். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் இம்மூன்றும் தொழிலாளரின் சிறுநீரகத்தைக் காக்கும் வழிகளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்கள் தம் ஊரில் இப்பணியை எளிதாகத் தொடங்கலாம். முகம் வெளிறி, கால் வீங்கி, சிறிது நடந்தாலே மூச்சிரைக்கும் ஒருவரை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்ற ஒற்றை விடையோடு திரும்பிவிடாமல், அது ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.